அரைகுறையாக இருக்கும்போதே காட்டுவது: பெர்ஃபெக்‌ஷனிசம் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

நேர்முகத் தேர்வில் "உங்களிடம் உள்ள குறை என்ன?" என்று கேட்டால் சொல்வதற்கென்றே ஒரு பதில் பலரிடம் தயாராக இருக்கிறது: "நான் கொஞ்சம் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார்." குறையைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, பெருமை அடித்துக்கொண்ட மாதிரியும் ஆயிற்று. சட்டை மடிப்பு கலையாமல் பார்த்துக்கொள்கிறவர், கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் அழித்துவிட்டுப் போடுகிறவர், கணக்கை இரண்டு முறை சரிபார்க்கிறவர் என்று எல்லாரையும் இந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

இதனால் இரண்டு குழப்பங்கள் வந்து சேர்கின்றன. பெர்ஃபெக்‌ஷனிசம் என்றால் தரத்தில் அக்கறை என்று நினைத்துக்கொள்கிறோம். அதை விட்டால் வேலை மட்டமாகிவிடும் என்று பயப்படுகிறோம். அதற்கு மருந்தாகச் சொல்லப்படும் 'முடியாத வேலையையும் காட்டிப் பழகு' என்ற யோசனையை, தோன்றியதையெல்லாம் ஃபேஸ்புக்கில் போடு என்று புரிந்துகொள்கிறோம். இரண்டுமே தவறு. கதை, ஓவியம், பாட்டு, குறும்படம் என்று ஏதோ ஒன்றை ஆசையாகத் தொடங்கிப் பாதியில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குச் சிறுகதையை எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பழக்கமான இடம் அது.

## தரம் வேறு, பயம் வேறு

இரண்டு பேர் கதை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் கதையை முடித்து, பலமுறை திருத்தி, பத்திரிகைக்கு அனுப்புகிறார். திரும்பி வந்தால் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். இரண்டாமவரும் பலமுறை திருத்துகிறார். ஆனால் திருத்தம் முழுக்க முதல் பத்தியில். அந்தப் பத்தி இழைத்து இழைத்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஐந்தாம் பக்கத்துக்குப் பிறகு கதையே இருக்காது. கேட்டால், "இன்னும் சரியா வரல."

உழைப்பு இரண்டு பேருக்கும் ஒன்று. இரண்டாமவருக்கு அந்தக் கதை வெறும் கதையாக இல்லை, தனக்கு எழுத வருமா வராதா என்பதற்கான தீர்ப்பாகிவிட்டது. முடித்துவிட்டால் தீர்ப்பு வந்துவிடும். முடிக்காதவரை வழக்கு நிலுவையில் இருக்கும்.

ரோஸ் ஷாஃப்ரன், ஜாஃப்ரா கூப்பர், கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2002இல் இதைத் தெளிவாக வரையறுத்தார்கள். ஒருவர் தனக்குக் கடுமையான அளவுகோல் ஒன்றை வைத்துக்கொள்கிறார். அதை எட்டுவதையே தன் மதிப்புக்கு ஆதாரமாக்கிக்கொள்கிறார். அதனால் கெடுதல் வந்தபிறகும் விடமாட்டேன் என்கிறார். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அவர்கள் கணக்கில் அது பிரச்சினைக்குரிய பெர்ஃபெக்‌ஷனிசம். முதலாவது மட்டும் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நல்ல வீணை வித்வான் எல்லாருக்கும் அது இருக்கும்.

அளவுகோல் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த பால் ஹியூவிட், கார்டன் ஃப்ளெட் இருவரும் 1991இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: நம்மிடமே நாம் பிழையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நாம் நம்புவது. மூன்றாவதுதான் ஆளை அதிகம் படுத்துகிறது. தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 40,000க்கும் மேற்பட்டோரின் விடைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மூன்று வகையும் கூடியிருந்தன. மிக அதிகமாகக் கூடியிருந்தது இந்த மூன்றாவது வகை. நம்மூரில் பரீட்சை ரிசல்ட் வரும் அன்று சொந்தக்காரர்களிடமிருந்து வரும் போன்களை நினைத்துப் பார்த்தால், இது அந்த மூன்று நாட்டோடு நிற்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை சொன்னதன் சாரம்: உயர்ந்த தரத்தை விரும்புவது பெர்ஃபெக்‌ஷனிசம் ஆகாது. வேலையின் தரத்தை நம் மதிப்போடு முடிச்சுப் போட்டுவிடுவதுதான் சிக்கல்.

## ஒத்திப்போட்டதும் வரும் நிம்மதி

ராத்திரி பதினோரு மணி. கதையைத் தோழி ஒருத்திக்கு அனுப்பலாம் என்று வாட்ஸ்அப்பைத் திறக்கிறீர்கள். கோப்பை இணைத்தாயிற்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வயிற்றில் என்னவோ செய்கிறது. "நாளைக்குக் காலையில இன்னொரு தடவை பார்த்துட்டு அனுப்பலாம்" என்று அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். உடனே ஒரு நிம்மதி வருகிறது.

அந்த நிம்மதிதான் வில்லங்கம். ஒரு செயலைச் செய்ததும் வேதனை நின்றுவிட்டால் அந்தச் செயலை மனம் பழக்கமாக்கிக்கொள்ளும். 'காட்டாமல் இருந்தேன், தப்பித்தேன்' என்று அது கணக்கு எழுதிக்கொள்கிறது. காட்டியிருந்தால் நிஜமாகவே ஏதாவது ஆகியிருக்குமா என்பது கடைசிவரை தெரிவதில்லை. உளவியலில் இதற்குத் தவிர்ப்பு என்று பெயர்: பயம் தரும் சூழலிலிருந்து விலகி, விலகியதாலேயே பயத்தை வளர்த்துக்கொள்வது. இன்று அனுப்பாததால் நாளை அனுப்புவது இன்னும் கஷ்டமாகிறது, ஏனென்றால் நாளைக்குள் அந்தக் கதை இன்னும் நன்றாக ஆகியிருக்க வேண்டும் என்ற கடனும் ஏறிவிடுகிறது.

## கோட்டு டெய்லரின் ட்ரையல்

கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கக் கொடுத்தவர்களுக்கு இது தெரியும். முழுதாகத் தைப்பதற்கு முன் டெய்லர் ட்ரையலுக்குக் கூப்பிடுவார். போனால், ஒரு கை இணைத்தும் ஒரு கை இணைக்காமலும், வெள்ளை நூல் பெரிய பெரிய தையலாக வெளியே தெரிய, சாக்பீஸ் கோடுகளோடு ஒன்றை எடுத்து மாட்டிவிடுவார். கண்ணாடியில் பார்த்தால் கோமாளி மாதிரி இருக்கும். அதற்காக நாம் அவர் தொழிலைச் சந்தேகப்படுவதில்லை. அவரும் கூசுவதில்லை, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்பதும் இல்லை. "கையைத் தூக்குங்க. அக்குள்ல பிடிக்குதா?" என்பார். பிடிக்கிறது என்றால் அந்த நூலை ஒரே இழுப்பில் உருவிவிட்டு, அரை இஞ்ச் தளர்த்திக் குண்டூசி குத்துவார். லைனிங் போட்டு, காஜா எடுத்து, அயர்ன் பண்ணிக் கவரில் போட்ட பிறகு அதே அரை இஞ்சுக்கு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

பாதி வேலையைக் காட்டுவதன் பயன் பெரும்பாலும் இதில் அடங்கிவிடுகிறது. மாற்றச் செலவு குறைவாக இருக்கும்போது காட்டுகிறார். கோட்டைப் போடப்போகிறவரிடம் மட்டும் காட்டுகிறார், தெருவில் போகிறவரிடம் இல்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பற்றிக் கேட்கிறார்.

ஆனால் இந்த ஒப்பீடு ஒரு கட்டத்துக்கு மேல் ஓடாது. டெய்லருக்கு அங்கே பயமே இல்லை. நமக்கு இருக்கிறது. காட்டுவது பயனுள்ளது என்று தெரிந்தும் கை வரமாட்டேன் என்கிறதே, காட்டுவது அந்தப் பயத்தை எப்படிக் குறைக்கிறது?

## பயத்துக்குள் ஒரு கணிப்பு இருக்கிறது

வயிற்றில் என்னவோ செய்கிறது என்றேன். அந்த 'என்னவோ'வைச் சொற்களாக்கிப் பாருங்கள். "இவள் படித்துவிட்டுப் பதிலே போடமாட்டாள்." "இவ்வளவுதானா என்று நினைப்பாள்." "இனிமேல் என்னை எழுதுகிறவனாகவே மதிக்கமாட்டாள்." இவை எல்லாம் இனி நடக்கப்போவதைப் பற்றிய கணிப்புகள். கணிப்பு என்றால் அதைச் சோதிக்கலாம்.

பயங்களுக்குத் தரப்படும் உளவியல் சிகிச்சையில் எதிர்கொள்ளல் என்று ஒரு முறை உண்டு: பயப்படும் சூழலுக்குள் சிறிய அளவில், திட்டமிட்டு, திரும்பத் திரும்பப் போவது. அந்த இடத்திலேயே நின்றால் பயம் தானாகத் தேய்ந்துவிடும் என்றுதான் வெகுகாலம் இதற்கு விளக்கம் சொன்னார்கள். கலிஃபோர்னியாவின் மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்கள் வேறோர் இடத்தை அழுத்திச் சொல்கிறார்கள். நடக்கும் என்று நினைத்ததற்கும் நிஜமாக நடந்ததற்கும் இடையே உள்ள இடைவெளிதான் மனத்துக்குப் பாடம். இடைவெளி பெரிதாக இருந்தால் பாடம் ஆழமாகப் பதியும்.

பெரும்பாலும் அந்த இடைவெளி பெரிதாகத்தான் இருக்கும். நம் குறைகளை மற்றவர்கள் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதை நாம் கூட்டியே மதிப்பிடுகிறோம். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் அவர் சகாக்களும் மாணவர்களைச் சங்கடமான ஒரு டி-ஷர்ட்டைப் போட வைத்தார்கள். பேரி மேனிலோ என்ற பாடகரின் முகம் அச்சடித்த சட்டை. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது மானக்கேடு. அப்படியே மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர். எல்லாருடைய கண்ணும் நம் மேல்தான் என்ற இந்த மிகைமதிப்பீட்டுக்கு ஸ்பாட்லைட் விளைவு என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே சாரம் இது: காட்டுவதால் கிடைக்கும் பாராட்டு பயத்தைக் குறைப்பதில்லை. நம் கணிப்பு பொய்த்துப்போவதுதான் குறைக்கிறது. பாராட்டை எதிர்பார்த்துக் காட்டுவதற்கும் கணிப்பைச் சோதிக்கக் காட்டுவதற்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே நடப்பது நேரெதிர்.

## மன்னிப்பு கேட்டுக்கொண்டே அனுப்பினால்

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். அனுப்புகிறார்கள், ஆனால் இப்படி:

"அக்கா, சும்மா கிறுக்கினது. ஒரு மணி நேரத்துல எழுதினேன். நல்லாவே இல்ல, எனக்கே தெரியும். டைம் இருந்தா மட்டும் பாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க."

ஒரு மாதமாக எழுதிய கதை அது. அக்கா படித்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு!" என்கிறார். மனம் என்ன கணக்குப் போடும்? 'நான் முன்கூட்டியே தாழ்த்திக்கொண்டதால் பாவம் பார்த்துச் சொல்கிறார்.' காட்டியதால் வரவேண்டிய பாடம் அந்த மன்னிப்புக்குப் போய்விட்டது. இப்படி ஆபத்து வராமல் இருக்க நாம் கூடவே செய்யும் சின்னச் சின்னக் காரியங்களைப் பாதுகாப்பு நடத்தை என்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எழுதினேன் என்ற பொய், நீலக்குறி விழுந்ததா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது, எதைக் காட்டினாலும் 'சூப்பர்' சொல்லும் ஆளிடமே போவது எல்லாம் இதில் சேரும். கடைசியாகச் சொன்னது பார்க்கத் துணிச்சல் மாதிரி இருக்கும். உண்மையில் அது தவிர்ப்பின் இன்னொரு உருவம். சமூக ஊடகத்தில் லைக் எண்ணிக்கொண்டிருப்பதும் அந்த ரகம்தான், என் அபிப்பிராயத்தில்.

இதே செய்தி இப்படி இருக்கலாம்:

"அக்கா, கதை பாதிதான் ஆகியிருக்கு. மூணாம் பக்கத்துல அண்ணன் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போறான். அந்தக் கோபம் நம்புற மாதிரி இருக்கா? எழுத்துப்பிழை இப்போ வேண்டாம்."

பாதி என்று சொல்வது மன்னிப்பு இல்லை, தகவல். டெய்லர் அக்குளைப் பற்றிக் கேட்டது போல இது கோபத்தைப் பற்றிக் கேட்கிறது. பதில் கதையைப் பற்றி வரும், உங்களைப் பற்றி வராது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கருத்துச் சொல்வது எப்போதும் நன்மை செய்யும் என்பது உண்மையில்லை. ஆவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டினிசி இருவரும் 1996இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேரங்களில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி ஆள்மேல் போக ஆரம்பித்தால் பலன் தேய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "உனக்கு இது வராதுப்பா" மட்டும் இல்லை, "நீ பிறவி எழுத்தாளன்டா" என்பதும் கவனத்தை ஆள்மேல்தான் திருப்புகிறது.

## பிக்ஸாரில் தினமும் நடப்பது

இதைத் தனிமனிதத் துணிச்சலாக விட்டுவிடாமல் அன்றாட வேலையாகவே ஆக்கிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. பிக்ஸார் அனிமேஷன் ஸ்டூடியோ. அங்கே அனிமேஷன் செய்கிறவர்கள் அன்றைக்குச் செய்ததை, பாதியில் இருந்தாலும், இயக்குநருக்கும் சக கலைஞர்களுக்கும் முன்னால் போட்டுக்காட்டுவார்கள். டெய்லீஸ் என்று பெயர். முடியாத வேலையைக் காட்டும் கூச்சம் ஒருமுறை விலகிவிட்டால் ஆட்களின் படைப்பாற்றல் கூடுகிறது என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான எட் கேட்மல் 2008இல் எழுதினார். எல்லாரும் தினமும் காட்டுகிறார்கள் என்பதால், காட்டுகிற ஒருவர் மட்டும் அம்பலமாகி நிற்பதில்லை.

அதே நிறுவனத்தின் ஆரம்ப கால அனுபவம் இன்னும் காரமானது. 'டாய் ஸ்டோரி' படத்தின் தற்காலிக வடிவத்தை 1993 நவம்பர் 19 அன்று டிஸ்னி அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். கதாநாயகனான கவ்பாய் பொம்மை எல்லார்மேலும் எரிந்து விழும் ஆளாக, பார்க்கவே பிடிக்காதவனாக ஆகியிருந்தது. தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பயந்தது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் கையில் இருந்தது பெரும்பாலும் வரைபடங்கள்தான் என்பதால் திரைக்கதையைத் திரும்ப எழுத முடிந்தது. 1995 நவம்பரில் படம் வெளிவந்தது, முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படமாக. எல்லாக் காட்சியையும் மெருகேற்றி முடித்த பிறகு அந்தக் குறை தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்துத் தொடர்கதைகளையும் இதற்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் எழுதினார். கதை முடியுமுன்பே வாசகர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். போன வார அத்தியாயத்தைத் திரும்பப் பிரித்துத் தைக்க முடியாது, அச்சேறிவிட்டது. அது வரைவைக் காட்டுவது ஆகாது. கெடுவுக்கு எழுதுவது. கெடுவும் பெர்ஃபெக்‌ஷனிசத்தை அடக்கும், வேறு வழியில்: இழைத்துக்கொண்டிருக்க நேரம் தராது.

## எப்போது, யாரிடம்

மிக ஆரம்பத்தில் காட்ட வேண்டாம். கதை எதைப் பற்றியது என்று உங்களுக்கே பிடிபடாத நிலையில், கேட்கிறவர் சொல்லும் முதல் வார்த்தை கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். என்ன கேட்பது என்று உங்களுக்கு ஒரு கேள்வி தோன்றினால் காட்டும் கட்டம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். கேள்வியே தோன்றவில்லையா, இன்னும் கொஞ்ச நாள் உங்களிடமே இருக்கட்டும்.

ஆள் என்றால் ஒருவர் போதும். நிறையப் படிக்கிறவராக இருந்தால் நல்லது. எழுதுகிறவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. உங்கள் மேலதிகாரி, பழைய வாத்தியார் போன்றவர்கள் முதல் ஆளாக வேண்டாம், அங்கே அளவுகோல் ஏற்கெனவே தூக்கிய நிலையில் இருக்கிறது. போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் பொதுவெளியில் போடாதீர்கள். எங்கும் வெளிவராத படைப்பாக இருக்க வேண்டும் என்று பல போட்டிகளில் விதி உண்டு. இணையத்தில் போட்டதையும் வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு தாளில் கணிப்பை எழுதிவையுங்கள். "பதில் வராது" என்று நினைத்தால் அதையே எழுதுங்கள். பதில் வந்ததும் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் எழுதாவிட்டால் மனம் பிறகு, 'இப்படித்தான் ஆகும்னு எனக்கு அப்பவே தெரியும்' என்று கணிப்பையே மாற்றிவிடும், பாடமும் கழன்றுவிடும்.

## பயந்தது நடந்தேவிட்டால்

சில சமயம் நடக்கும். அக்கா, "அந்த அண்ணன் ஏன் இப்படிக் கத்துறான்னே புரியலைம்மா, கதையே அங்க உட்கார்ந்துடுச்சு" என்பார். சரி, கணிப்பு பலித்துவிட்டது.

ஆனால் பயத்துக்குள் இன்னொரு கணிப்பும் ஒளிந்திருக்கிறது: அப்படி ஒரு வார்த்தை கேட்டால் என்னால் தாங்க முடியாது என்பது. அதற்கும் இப்போது சோதனை நடந்திருக்கிறது. அன்று இரவு தூக்கம் தள்ளிப்போயிருக்கலாம். மறுநாள் வேலைக்குப் போனீர்களா, சாப்பிட்டீர்களா, அந்த அக்கா அடுத்த தடவையும் வழக்கம்போலப் பேசினாரா என்பதையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிச் சின்ன விஷயங்களுக்கே வாரக்கணக்கில் தூக்கம் போகிறது, சாப்பாடு இறங்கவில்லை, வேலை நின்றுபோகிறது என்றால் கதையைக் காட்டுவது மட்டும் போதாது. மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

சொன்ன கருத்தை அப்படியே ஏற்க வேண்டுமா? வேண்டாம். பிக்ஸாரில் படம் பார்த்துக் கருத்துச் சொல்ல பிரெயின் ட்ரஸ்ட் என்று ஒரு குழு உண்டு. மூத்த இயக்குநர்கள் இருக்கும் குழு. எவ்வளவு கடுமையாகவும் பேசலாம். உத்தரவு போடும் அதிகாரம் மட்டும் கிடையாது. எதைச் சரிசெய்வது, எப்படிச் சரிசெய்வது என்பது படத்தின் இயக்குநர் முடிவு. அக்காவுக்கும் அதே விதிதான். மூன்றாம் பக்கத்தில் கதை உட்கார்ந்துவிட்டது என்று அவர் சொல்வது ஒரு வாசகிக்கு நிஜமாக நேர்ந்தது, அதை மறுக்க முடியாது. "அண்ணனையே எடுத்துடேன்" என்று சேர்த்துச் சொன்னால் அது யோசனை மட்டும். கோபத்தின் காரணம் ஒருவேளை இரண்டாம் பக்கத்தில் வந்திருக்க வேண்டியதாக இருக்கலாம். அங்கே இரண்டு வரி சேர்த்துவிட்டு, அந்த இரண்டு பக்கத்தை மட்டும், கதையை இதுவரை படிக்காத இன்னொருவரிடம் கொடுத்து அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.